ரேடியோ யார் பேரில்

எங்கள் வீட்டின் முதல் ரேடியோவைக் கடையில் வாங்கவில்லை. வீட்டிலேயே செய்தோம். 'செய்தோம்' என்று எழுதுவதும் கொஞ்சம் பொய்தான். செய்தவன் என் பெரியப்பா மகன். பக்கத்தில் உட்கார்ந்து வயிறெரிந்தவன் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. ராயபுரத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகும் பாதையை ஒட்டிய தெருவில் ஒரே அறை கொண்ட ஓட்டு வீடு. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தார். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி உதறுவார். கோதுமையோ கந்தகமோ, அன்றைக்குக் கப்பலில் என்ன வந்ததோ அது கொஞ்சம் தரையில் உதிரும். அதை வைத்தே அம்மா அன்றைய கப்பலைச் சொல்லிவிடுவாள்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா மகனைக் கொஞ்சும்போதும் அதே நைனாதான். நாள் முழுக்க நான் 'டேய்'. சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும், "நைனா, இங்க வா" என்பார். போய் அவர் தொடையில் ஏறிக்கொள்வேன். டீ குடித்து முடிக்கும்வரை நான் நைனா. டம்ளரைக் கீழே வைத்ததும் மறுபடி டேய். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் காலையிலிருந்தே காத்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. நான் அதிகம் பேசாத பையன்.

பெரியப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா எண்ணூரில் உப்பளத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர்களுக்கு ஒரே மகன். பதினேழு வயது. ரேடியோ ரிப்பேர் படிப்பில் இடம் கிடைத்தது என்றும், எண்ணூரிலிருந்து தினமும் வந்துபோவது சிரமம் என்றும் எங்கள் வீட்டில் தங்க வந்தான். தகரப் பெட்டி ஒன்று, அதன்மேல் மடித்துக் கட்டிய பாய் ஒன்று. ஒல்லியாக இருப்பான். சத்தமில்லாமல் சாப்பிடுவான். தண்ணீர் வேண்டுமென்றால்கூட கேட்கமாட்டான், எழுந்து போய் மொண்டுகொள்வான். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. மீன் குழம்பில் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போக ஆரம்பித்தது.

நடுத்துண்டை நான் பொறுத்துக்கொண்டேன். அவன் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலிலிருந்து திரும்பி நான் வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அப்பா, "நைனா, சாப்ட வா" என்று குரல் கொடுத்தார். கோலியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"உன்ன இல்லடா" என்றார். "அண்ணனக் கூப்ட்டேன். நீயும் வா, வந்துக்கீறியே."

அன்றைக்கு ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் இரண்டு ரேடியோ. ஒன்று டீக்கடையில். அதில் பாட்டைவிட டம்ளர் சத்தம்தான் அதிகம் கேட்கும். இன்னொன்று துறைமுகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா வீட்டில். அவர் வீட்டு ஜன்னல் தெருப் பக்கம் இருந்ததால் சாயங்காலம் பாட்டு நேரத்தில் நாலைந்து பேர் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். அப்பாவும் நிற்பார். ஒருநாள் குமாஸ்தாவின் மனைவி, "காத்து வர்ற வழியில நிக்காதீங்கப்பா, வேர்வ நாத்தம் உள்ள வருது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டாள். வீட்டுக்கு வந்து அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாள் ஜன்னலுக்குப் போகவில்லை. பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அண்ணன் மெதுவாகச் சொன்னான்.

"சித்தப்பா, செட்டு நாமளே செஞ்சிக்கலாம்."

"இன்னா செட்டு?"

"ரேடியோ."

அம்மா அடுப்பு முன்னாலிருந்து திரும்பினாள். "ரேடியோவ வூட்ல செய்வாங்களா? அது இன்னா இட்லியாடா?"

"கடையில கீறதும் யாரோ ஒருத்தன் உக்காந்து செஞ்சதுதான் சித்தி. சாமான மட்டும் வாங்கிட்டா போதும், சேக்குறது நான் பாத்துக்கறேன். கடை வெலையில மூணுல ஒரு பங்குகூட ஆவாது."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "மெய்யாலுமா நைனா?"

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அண்ணன் பட்டியல் எழுதினான். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனைப் படிக்கச் சொல்லி, ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார். ஸ்பீக்கர் ஒண்ணு, டிரான்சிஸ்டர் ஆறு, காயில் மூணு, கேங்கு ஒண்ணு என்று பல் தேய்க்கும்போதுகூட முணுமுணுப்பார். நான் அந்தத் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். நான் படிப்பதைப் பார்த்து ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டவர், "வெய்டா கீழ, கிழிஞ்சிடப்போவுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் மூர்மார்க்கெட்டுக்குப் போவார்கள். நானும் வருகிறேன் என்றால், "கூட்டத்துல தொலஞ்சிபூடுவ" என்று பதில் வரும். போன வருஷம் வரைக்கும் அதே கூட்டத்தில்தான் அவர் தோளில் உட்கார்ந்து போயிருந்தேன். தொலையவில்லை. ஒவ்வொரு வாரமும் பொட்டலத்தில் மடித்து ஏதோ இரண்டு மூன்று வரும். எல்லாம் ஒரு பிஸ்கெட் டின்னில் சேர்ந்தது. டின்னை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த இடத்தில் இருந்தது நான் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சோப்புப் பெட்டி. அது அரிசிப் பானை மூடிமேல் இறங்கிவிட்டது.

கையில் காசு இருக்கிற வாரம் சாமான் வரும், இல்லாத வாரம் வராது. இப்படியே போனால் கிறிஸ்துமஸ் தாண்டிவிடும் என்று அண்ணன் கணக்குப் போட்டான். பட்டியலில் மிச்சம் என்ன என்று அப்பா கேட்டார். ஸ்பீக்கரும் பாதி டிரான்சிஸ்டரும் இருந்தன. அதோடு கண்டென்சர் என்று ஒன்று. அதில் மட்டும் ஒன்பது வேண்டும். அந்தப் பேரைக் கேட்டதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

"கண்டென்சரா? அத்த எதுக்கு நைனா துட்டு குட்த்து வாங்குற? எங்க ஆர்பர்ல கீது. நான் கொண்டாறேன்."

"ஆர்பர்லயா சித்தப்பா?"

"எல்லாக் கப்பல்லயும் கீது. கண்டம் பண்ணதுல ஒண்ணு கேட்டா குடுப்பாங்க. ஒம்பது சொல்லமுடியாது. ஒண்ணு நிச்சயம்."

கண்டம் என்றால் துறைமுகத்தில் உதவாது என்று கழித்துப்போட்ட பொருள். அண்ணனுக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் பெரியவர் சொல்லும்போது மறுத்துப் பேசமாட்டான். அப்பா யாரிடமும் ஒன்று வேண்டும் என்று வாய் திறக்கிற ஆள் இல்லை. அந்த விஷயத்தில் நான் அவரைப் போலத்தான். அப்படிப்பட்டவர் நாலு நாள் மேஸ்திரி பின்னால் நடந்து, கேட்டில் காட்டுவதற்குச் சீட்டு எழுதி வாங்கியிருக்கிறார்.

இடையில் ஒருநாள் அண்ணன் படிக்கும் இடத்திலிருந்து வரும்போது சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். துவரம்பருப்பை அமுக்கித் தட்டையாக்கியது போல இருந்தது. இரண்டு கம்பிக் கால்.

"இன்னா தெரியுதா? இதான் கண்டென்சர்."

"இத்தினூண்டா?"

"இத்தினூண்டுதான். சித்தப்பா வந்தா காட்டணும்" என்று சொல்லி அதை டின்னில் போட்டான். அப்பா அன்று இரட்டை வேலை பார்த்துவிட்டு வந்து அப்படியே படுத்துவிட்டார். மறுநாள் விடியும்போதே போய்விட்டார்.

அது சனிக்கிழமை. மத்தியானம் தெருமுனையில் ஒரே சிரிப்பும் சத்தமும். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு ரிக்‌ஷா வந்துகொண்டிருந்தது. அப்பா அதில் உட்காரவில்லை, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். உட்காரும் இடத்தில் என்னைவிட உயரமாக ஒரு செப்புக் குழாய்க் கூடு. குழாய் மேலும் கீழுமாகப் பல மடிப்பு மடிந்து, பச்சைக் களிம்பு ஏறி, எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கப்பலில் இறைச்சி வைக்கும் குளிர் அறையிலிருந்து கழற்றியதாம்.

"இன்னா மாமு, கப்பலையே கயட்டிகினு வந்துட்டியா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

ரிக்‌ஷாக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ரேடியோவுக்காம்பா. இத்தப் போட்டு பாடினா ரங்கூன்ல கீறவன் காதப் பொத்திக்குவான்" என்றார்.

அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. இரண்டு பேரைப் பிடித்து அதை இறக்கி எங்கள் வாசலில் சாத்தினார். மூச்சு வாங்க அண்ணனைப் பார்த்து, "இந்தா நைனா, கண்டென்சர்!" என்றார்.

மீதி எனக்கு ஒவ்வொரு நொடியும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே ஓடினேன். பிஸ்கெட் டின்னைத் திறந்தேன். துவரம்பருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, தெரு மொத்தமும் பார்க்கக் கையை உயர்த்தினேன். எங்கள் தெருவில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

"நைனா! கண்டென்சர்னா இத்தினூண்டுதான்! இது இன்னா, தண்ணி பைப்பா?"

சிரித்தேன். நான் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தா வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. அப்பா என் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். பிறகு தான் கொண்டுவந்ததைப் பார்த்தார். துண்டை எடுத்து, துடைத்த முகத்தையே மறுபடி துடைத்துக்கொண்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்தான். முழங்கையால் அளந்தான். 

"இதுவும் கண்டென்சர்தான்டா" என்றான் என்னிடம். ஆனால் தெருவுக்கே கேட்டது. "பேரு ஒண்ணு, வேல வேற. சித்தப்பா கரீட்டாத்தான் கேட்டு வாங்கியாந்துக்கீறாரு. எர்த்துக்குத் தரையில பொதைக்கச் செம்பு வோணுமே, எங்க போறதுன்னு நானே பேஜாராய்க் கெடந்தேன். இது இல்லன்னா நம்ம செட்டு சரியா பாடாது."

"பாடாதா?" என்றார் அப்பா.

"பாடாது சித்தப்பா."

அப்பா தலை நிமிர்ந்தது. கூட்டத்தைப் பார்த்து, "கேட்டுக்கினியா? போ, போய் வேலயப் பாரு" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும் என்று தோன்றியது. அன்றைக்கு அவர் டீ குடிக்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு நைனா வரவே இல்லை. அண்ணன் எடுத்துக்கொண்டான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நானே கையை உயர்த்திக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் சொன்னது போலவே செய்தான். குழாயில் ஒரு முழம் வெட்டிக் கொல்லைக் குழாயடி ஈரத்தில் புதைத்து, கம்பி கட்டி வீட்டுக்குள் இழுத்துவந்தான். மிச்சச் செம்பைப் பழைய பாத்திரக் கடையில் போட்டதில் ஸ்பீக்கர் வந்தது, டிரான்சிஸ்டர் வந்தது, அந்தத் துவரம்பருப்புகளும் ஒன்பது சேர்ந்தன. கிறிஸ்துமஸ்வரை காத்திருக்க வேண்டியது மூன்றே வாரத்தில் கூடிவிட்டது. "கண்டென்சர் நான் கொண்டாந்தது" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

பெட்டிக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை. தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்து, முன்னால் அம்மாவின் பழைய புடவைத் துண்டை இழுத்து ஒட்டினான். ஸ்டவ் நெருப்பில் பற்றவைக்கும் கோலைக் காய்ச்சி, ஈயத்தை உருக்கி ஒவ்வொன்றாக ஒட்டும்போது புகையோடு ஒரு வாசனை வரும். அதை அம்மா சாம்பிராணி போல இருக்கிறது என்பாள். அப்பா வேலைக் களைப்பையும் மறந்து பக்கத்தில் குந்தி, "சுட்டுக்காத நைனா, சுட்டுக்காத" என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். அண்ணன் என்னையும் கூப்பிட்டான். "தம்பி, இந்தக் கம்பிய இப்டிப் புடிச்சிக்க" என்று சொல்வான். எனக்குக் கை வலிக்கிறது என்று சொல்லி வெளியே போய்விடுவேன். வெளியே ஒரு வேலையும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு, அந்த ரேடியோ பாடவே கூடாது என்று ஒரு முழு ஜெபமாலை சொன்னேன். தெரியாத்தனமாகச் சொல்லவில்லை. மணி மணியாக எண்ணித்தான் சொன்னேன்.

பாடிவிட்டது. பாடியது என்றும் சொல்லமுடியாது. அண்ணன் குமிழை மெல்லத் திருப்பத் திருப்ப, முதலில் கரகரவென்று இரைச்சல். பிறகு தெளிவாக ஓர் ஆண் குரல், நெற்பயிரில் விழும் பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கவேண்டும் என்று விளக்கியது. எங்கள் தெருவில் நெல்லை வயலில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு, அரிசியை மூட்டையில் பார்த்தவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு, பூச்சி மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்பதுவரை முழுசாகக் கேட்டார்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்துவைத்து, "உள்ள வாங்கப்பா, உள்ள வந்து உக்காந்து கேளுங்க" என்று தெருவைக் கூப்பிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் அண்ணனின் தோளைத் தொட்டுக் காட்டினார். "எங்க நைனா செஞ்சது."

நான் அரிசிப் பானைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் போல வீடு தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. பிறகு யாரோ ஒருவர், "லைசென்ஸ் எட்த்துட்டியா மாமு?" என்று கேட்டுவைத்தார். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்கவேண்டும். எடுக்காதவர்கள் வீட்டுக்கு ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேச்சு. அப்பா பயந்துபோனார். ஆனால் அப்போது கையில் ஒன்றும் இல்லை. "அடுத்த மாசம் கட்டிக்கலாம். அதுவரைக்கும் சத்தத்தக் கொறச்சி வெய்யி நைனா" என்றார்.

தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டி போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அண்ணன் வெறும் அண்ணன் ஆகிவிடுவான்.

மறுநாள் பள்ளி விட்டதும் தபாலாபீசுக்குப் போனேன். புதிய ஆளிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று தடவை வரிசையில் நின்று, என் முறை வரும்போது மூன்று தடவையும் பின்னால் போய்விட்டேன். கடைசியில் வரிசையே இல்லாமல் போய் நான் மட்டும் நின்றேன். கண்ணாடி போட்ட ஒருவர் கம்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா வோணும்? கார்டா?"

"எங்க வூட்ல ரேடியோ கீது சார்."

"சரி."

"லைசென்ஸ் இல்ல சார்."

இப்போது எழுந்துவருவார், பின்னாலேயே ஆட்கள் வருவார்கள் என்று நினைத்தேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"அதான் அனுப்பிக்கீறாங்களா உன்ன? நல்லது. இத்தப் பூர்த்தி பண்ணி, பணத்தோட பெரியவங்கள வரச்சொல்லு. இங்க பேரு, இங்க விலாசம். யார் பேர்ல எடுக்கப்போறீங்க?"

"சார்?"

"ரேடியோ யார் பேர்லடா? செட்டு யாருதோ அவங்க பேரு எழுதணும்."

ரேடியோவுக்கு ஒரு பேர் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. செய்தவன் பேரைக் கேட்கவில்லை, செட்டு யாருதோ அவன் பேரைத்தான் சர்க்கார் கேட்டது. காட்டிக்கொடுக்க வந்த விஷயம் அந்த இடத்திலேயே மறந்துபோயிற்று. தாளை எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் படியிலேயே உட்கார்ந்தேன். புத்தகப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டுத் தொட்டு, இனிஷியலோடு என் பேரை எழுதினேன். கோடு தாண்டிவிடாமல், பரீட்சையில்கூட எழுதாத அழகோடு எழுதினேன்.

வீட்டில் அப்பாவிடம் கொடுத்தேன். "தபாலாபீஸ்ல குட்த்தாங்க. பணம் கட்டணுமாம்."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவங்களுக்கு எப்டிடா தெரியும்? ஏம்மே, பாத்தியா, சர்க்காருக்கு ரேடியோ சத்தம் கேட்டுடிச்சி!" என்றார். அன்றைக்கே யாரிடமோ கைமாற்று வாங்கிவந்தார். பிறகு தாளை அண்ணனிடம் நீட்டினார். "நைனா, இதுல இன்னா எழுதிக்கீது? யார் பேரு போட்டுக்கீது? படி."

அண்ணன் படித்தான். ஒரே ஒரு வரிதான், ஆனால் ரொம்ப நேரம் படித்தான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். என் வீட்டுப்பாடத்தைத் தினமும் பார்க்கிறவன் அவன்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி பேரு சித்தப்பா" என்றான். "அவன் பேர்லயே இருக்கட்டும். அதான் சரி."

அப்பா அவன் தலையைத் தடவினார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "பாத்தியாமே? ராவும் பகலும் குந்தி செஞ்சது இவன். பேரு மட்டும் தம்பிக்குக் குட்த்துட்டான். இந்த மனசு யாருக்கும்மே வரும்?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் திருடியதுகூட அவன் கொடுத்ததாக ஆகிவிட்டது. நான் எழுதியது என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கும் அளவுக்கு மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

லைசென்ஸ் புத்தகம் வந்தது. கட்டிய பணத்துக்கு அதில் வில்லை ஒட்டியிருந்தார்கள். உள்ளே என் பேர். நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பாட்டு கேட்க வந்த பையன்களிடம் எடுத்துக் காட்டினேன். அண்ணன் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். "எங்க வூட்டு ரேடியோ இது. என் பேர்ல கீது. அவரு சும்மா தங்கிக்கீறாரு."

அந்த மாதமே அவன் எண்ணூருக்குத் திரும்பினான். அம்மா தனியாக இருக்கிறாள், ரயிலிலேயே வந்துபோய்க் கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னான். விடியற்காலையில் எழவேண்டும், வண்டி கூட்டமாக இருக்கும் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. பெரியம்மாவுக்காகத்தான் போகிறான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். படிவத்தைப் பிடித்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்ததையும், கொல்லையில் துணி அலசும் சத்தம் நடுவில் நின்றுபோனதையும், தகரப் பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

போகிற அன்று காலை என்னை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஈரக் கையோடு தொடக்கூடாது. இரைச்சல் வந்தால் எர்த் கம்பியைப் பார்க்கணும். பேட்டரி மாற்றும்போது தலைகீழாகப் போட்டுவிடக் கூடாது. கடைசியில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வரட்டுமா, லைசென்ஸ்காரரே?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நானும் பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டினேன்.

அப்பா ஸ்டேஷன்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தார். வந்து சட்டையைக் கழற்றினார், உதறவில்லை. அம்மா கொடுத்த டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ரேடியோவில் சின்னதாக ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் இருந்தேன்.

"நைனா" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. "அத்தக் கொஞ்சம் சத்தமா வெய்யி."

எத்தனை மாதம் கழித்து வந்த வார்த்தை. விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். குமிழைத் திருப்பினேன். பாட்டு அறை முழுக்க நிறைந்தது. சரியாக வைத்துவிட்டேனா என்று கேட்கும் ஆசையில் அவர் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை. பாட்டில் மூழ்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.